கீழே இருக்கிற சின்ன நம்பர்

குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. இந்தக் கதையில் வருகிற குருவுக்குத் தாடி கிடையாது. கொண்டை உண்டு, அதில் ஊசிக்குப் பதிலாக ஒரு டெஸ்டர் செருகியிருக்கும். பெயர் குருவம்மாள். சிவகாசியில் சில தெருக்களுக்கு இன்டர்நெட் இணைப்புக் கொடுப்பதும், அது கெட்டுப்போனால் போய்ச் சரிசெய்வதும் அவர்தான்.

சீடர் பெயர் தனுஷ்கோடி. குருவைவிட வயதில் ரொம்பப் பெரியவர். டிவி மெக்கானிக்காக இருந்தவர். ஆன்டெனா காலத்தில் ஊரில் அவர் ஏறாத மொட்டை மாடி இல்லை. ஆன்டெனா போய் டிஷ் வந்தது. டிஷ்ஷைப் போன் விழுங்கியது. அதற்காக மனிதர் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. குருவம்மாள் முன்பு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்தவர் என்று கேள்விப்பட்டு, "டீச்சர், எனக்கும் சொல்லிக் குடுங்க" என்று போய் நின்றார். அன்றிலிருந்து அவரோடுதான் வேலை. குருவம்மாள் டீச்சர், இவர் அண்ணாச்சி.

ஒரு மார்கழி மத்தியானம் தனுஷ்கோடி பையைத் தொப்பென்று மேஜையில் வைத்தார்.

"டீச்சர், ஒரு கேள்வி."

"கேளுங்க அண்ணாச்சி."

"ஒரு வீட்டுல கோளாறு தீந்துருச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

"ஏன், உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்னுதான் நெனச்சிருந்தேன். அந்தச் சோலைமணி வீட்டுக்குப் போனதுல இருந்து தெரியலை."

சோலைமணி காலண்டர் பிரஸ்ஸில் மெஷின் ஓட்டுகிறவர். பிறவியிலேயே காது கேளாதவர். அவர் மனைவி மாரிக்கனிக்குச் சின்ன வயதில் காய்ச்சல் வந்து காது போனது. அதற்கு முன் கற்ற பேச்சு மட்டும் மிச்சம். மகன் நவநீதனுக்கும் கேட்காது. கோயம்புத்தூரில் டிசைன் படிக்கிறான். மூன்று பேரும் கையால் பேசிக்கொள்கிற குடும்பம். மகன் ஊரில் இல்லாததால் சாயந்தரம் வீடியோ காலில்தான் பேச்சு.

"போன தடவை என்ன பண்ணீங்க?" என்று குருவம்மாள் கேட்டார்.

"ரவுட்டரை அணைச்சுப் போட்டேன். சானலை மாத்துனேன். அதுக்கு முந்தி ரவுட்டரையே புதுசா மாட்டினேன். வயர் முனையை வெட்டி மறுபடி ஒட்டியும் பாத்தாச்சு. ஸ்பீடு டெஸ்ட் போட்டா முள்ளு அந்தக் கடைசில போய் நிக்குது. இதுக்கு மேல என்ன செய்ய? ஆனா மறுநாளே மெசேஜ் வந்துருது, படம் உறைஞ்சு நிக்குதுன்னு."

"அவங்கட்ட என்ன சொன்னீங்க?"

"எல்லாம் சரியா இருக்கும்மான்னு சொன்னேன். அந்தம்மா தலையை ஆட்டுச்சு."

"அவங்களுக்குக் காது கேக்காதே."

"தெரியும் டீச்சர். ஆனா உதட்டைப் பாத்தே புரிஞ்சுக்கும்ல?"

"புரிஞ்சுக்குவாங்க" என்றார் குருவம்மாள்.

தனுஷ்கோடி போனை எடுத்து நீட்டினார். காலையில் மாரிக்கனி அனுப்பிய மெசேஜ் அதில் இருந்தது. மகன் படிப்பை விட்டுவிட்டு இன்றைக்கு ராத்திரி பஸ்ஸில் கிளம்பி வருகிறான். சாயந்தரம் ஒரே ஒரு தடவை அவனோடு ஒழுங்காகப் பேச வேண்டும். தயவுசெய்து வாருங்கள். அவ்வளவுதான் எழுதியிருந்தது.

"அந்தப் பையன் படிப்பை விடுறதுக்கு நம்ம ரவுட்டர் என்ன டீச்சர் செய்யும்?" என்றார் தனுஷ்கோடி. கேட்டுவிட்டாரே தவிர, அவர் குரல் இறங்கித்தான் போயிருந்தது.

குருவம்மாள் டெஸ்டரைக் கொண்டையில் நன்றாக அழுத்திச் செருகினார்.

"ஏணியை எடுங்க. போவோம்."

"என் கேள்விக்குப் பதில்?"

"வண்டியில ஏறுங்க அண்ணாச்சி."

சோலைமணி வீட்டில் அழைப்பு மணி கிடையாது. வெளியே பொத்தானை அமுக்கினால் உள்ளே ஒரு பல்பு மினுக்கும். குருவம்மாள் அமுக்கினார். மாரிக்கனி கையைத் துடைத்துக்கொண்டே கதவைத் திறந்தார். கையெல்லாம் தகரத்தின் வாசம். பிரஸ்ஸிலிருந்து வரும் காலண்டர்களுக்கு மேலே மெல்லிய தகட்டைப் பொருத்திக் கொடுப்பது அவருடைய வீட்டு வேலை. வருஷம் பிறக்கும்வரை அந்தத் தெருவில் பாதி வீடுகளில் அந்த வேலைதான்.

மாரிக்கனி தனுஷ்கோடியைப் பார்த்தார். புருஷன் பக்கம் திரும்பி, தன் தோளுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் முதுகை ரெண்டு தட்டுத் தட்டினார். சோலைமணி புரிந்தது என்று தலையாட்டினார். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனது.

"அது என்ன டீச்சர்?"

"அப்புறம் சொல்றேன்."

தனுஷ்கோடி பழக்கத்தில் நேரே ரவுட்டரிடம் போனார். அது முன்னறையில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் இருந்தது. அதைப் புதிதாக மாட்டிய அன்று வைத்த சந்தனப் பொட்டு இன்னும் காயாமல் இருப்பதுபோல் அதன்மேல் மஞ்சளாய்த் தெரிந்தது. அவர் அதன் முன்னால் நின்று போனைத் தூக்கிப் பிடித்தார்.

"பாருங்க டீச்சர், முழு ஸ்பீடு. நான் பொய்யா சொல்றேன்?"

குருவம்மாள் ரவுட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாரிக்கனிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, முகத்துக்கு முகம் பார்த்துக் கேட்டார்.

"அக்கா, மகனோட எங்க உக்காந்து பேசுவீங்க?"

இப்படி ஒரு கேள்வியைத் தனுஷ்கோடி இத்தனை தடவை வந்தும் கேட்டதில்லை. போனைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"வாங்க, காட்டுறேன்" என்றார் மாரிக்கனி. அவர் குரல் ஒரு வார்த்தையில் உயர்ந்து அடுத்த வார்த்தையில் தாழ்ந்துபோகும். ஆனால் தெளிவாகப் புரியும்.

நடுவறை முழுக்கக் காலண்டர் பண்டல்கள். ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். ஓரமாக ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்குத்தான் வழி. அதைத் தாண்டினால் அடுப்படி, அதற்குப் பின்னால் கொல்லை. கொல்லையில் துணி துவைக்கிற கல். சாயங்கால வெயில் பாதிக் கல்லில் விழுந்திருந்தது.

"இங்கதான்" என்றார் மாரிக்கனி.

தனுஷ்கோடி சுவரைப் பார்த்தபடியே சொன்னார். "நான்தான் ரவுட்டருக்குப் பக்கத்துல உக்காந்து பேசச் சொன்னேனே."

மாரிக்கனி பேசாமல் நின்றார்.

"அவங்க முகத்தைப் பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றார் குருவம்மாள்.

தனுஷ்கோடி திரும்பினார். அதையே மறுபடி சொன்னார். இந்த முறை மாரிக்கனியின் கண்கள் அவர் உதட்டில் நின்றன.

"அங்க இருட்டு" என்றார் மாரிக்கனி. "பக்கத்துல குடோன் கட்டி ஜன்னலை அடைச்சிட்டாங்க. லைட்டுப் போட்டா நிழல்தான் விழுது. கை தெரியும், விரல் தெரியாது. விரல் தெரியலைன்னா என்ன பேச்சு?"

பிறகு அவரே சொன்னார். "அவனுக்கு அங்க எல்லாம் இருக்கு. சாப்பாடு இருக்கு, ரூம் இருக்கு. பேச ஆள் இல்லை. கிளாஸ்ல எல்லாரும் வாயால பேசுறாங்க. நாள் முழுக்கச் சும்மா இருந்துட்டு, சாயந்தரம் எங்ககூடத்தான் பேசுவான். இப்ப அதுவும் போச்சு. 'நான் மட்டும் பேசுறேன், நீங்க செலை மாதிரி நிக்கிறீங்க, இதுக்கு வீட்டுக்கே வந்துருவேன்'னு சொல்லிட்டான்."

"எழுதி அனுப்பக்கூடாதாம்மா?" என்றார் தனுஷ்கோடி. மறக்காமல் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"எழுதுனா 'சரி'ன்னு ஒரு வார்த்தை போடுவான். கையைப் பாத்தாத்தான் அவன் மனசு தெரியும்."

தனுஷ்கோடி மீசையைத் தடவிக்கொண்டார்.

குருவம்மாள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். போனை எடுத்தார்.

"அண்ணாச்சி, நீங்க ரவுட்டர்கிட்டப் போய் நில்லுங்க. இந்த வைஃபையிலயே உங்களுக்கு வீடியோ கால் போடுறேன். சத்தத்தை மொத்தமாக் குறைச்சிருங்க. நான் கையால ஒண்ணு சொல்லுவேன். என்ன சொன்னேன்னு வந்து சொல்லுங்க."

"எனக்குக் கைப்பேச்சு தெரியாதே."

"சாதாரணச் சைகைதான். சின்னப் பிள்ளைக்கும் புரியும்."

தனுஷ்கோடி பண்டல்களைச் சுற்றிக்கொண்டு முன்னறைக்குப் போனார். போன் நடுங்கியது. எடுத்தார். டீச்சர் முகம் வந்தது. ஒரு கை மேலே போனது. அப்படியே நின்றது. கண் பாதி மூடி, வாய் கோணி, கை அந்தரத்தில். தனுஷ்கோடி காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்துப் படம் தாவியது. இப்போது கை மடியில் இருந்தது. நடுவில் என்ன நடந்தது என்று அந்த ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

அவர் போனை உதறிப் பார்த்தார். உதறினால் சரியாக அதென்ன தெர்மாமீட்டரா? பிறகு கொல்லைக்குத் திரும்பி வந்தார்.

"என்ன சொன்னேன் அண்ணாச்சி?"

"தெரியலை டீச்சர். கை மேல போச்சு. அப்புறம் கீழ இருந்துச்சு."

"நீங்க எனக்கு நல்லாத் தெரிஞ்சீங்க. மீசையில எங்க வெள்ளை, எங்க கறுப்புன்னு சொல்ற அளவுக்குத் தெரிஞ்சீங்க. போனை உதறுனீங்களே, அதுவும் தெரிஞ்சுது."

சோலைமணிக்கு மாரிக்கனி இதைக் கையால் சொன்னார். அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். தனுஷ்கோடிக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"இங்க உக்காந்து டெஸ்ட் போடுங்க" என்றார் குருவம்மாள்.

தனுஷ்கோடி கல்லில் உட்கார்ந்து போட்டார். "பாருங்க, இங்கயும் மோசமில்லை. முன்னறை அளவுக்கு இல்லைன்னாலும் படம் பாக்கத் தாராளம்."

"அதுக்குக் கீழ சின்னதா இன்னொரு நம்பர் இருக்கே."

"அது போறது டீச்சர். இங்கிருந்து வெளிய போறது. அதை யாரு பாப்பா? வர்றதைத்தான் எல்லாரும் பாப்பாங்க."

"இப்பப் பாருங்க."

தனுஷ்கோடி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த நம்பர் ஒரு இடத்தில் நிற்காமலும் மேலே ஏறாமலும் அடியிலேயே தவழ்ந்தது.

"வர்றது வருது" என்றார் மெதுவாக. "போறது போகலை. ரவுட்டர் கத்துற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. போன் பாவம், சின்னது. அது திருப்பிச் சொல்றது அங்க எட்டலை. அதான் பையனை இவங்க பாக்குறாங்க. இவங்களைப் பையன் பாக்கலை."

"ஆன்டெனா மாட்டுவீங்களே அண்ணாச்சி" என்றார் குருவம்மாள். "மாடியில நின்னு அதைத் திருப்புவீங்க. டிவி எங்க இருக்கும்?"

"கீழ, வீட்டுக்குள்ள."

"அப்ப சரியான எடம் வந்துருச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"'தெரியுதா?'ன்னு மேல இருந்து கத்துவேன். 'புள்ளி புள்ளியா இருக்கு, இன்னும் கொஞ்சம் திருப்பு'ன்னு கீழ இருந்து சொல்லுவாங்க. 'தெரியுது தெரியுது'ன்னு சத்தம் வந்தாத்தான் போல்ட்டை முறுக்குவேன்."

"யாரு சொல்லுவா?"

"வீட்டுக்காரங்கதான்."

"இப்ப யார்கிட்டக் கேக்குறீங்க?"

தனுஷ்கோடி கையிலிருந்த போனைப் பார்த்தார்.

வெயில் கல்லின் ஓரத்துக்கு நகர்ந்திருந்தது. மாரிக்கனி அதைப் பார்த்தார், பிறகு இவர்களைப் பார்த்தார். வெளிச்சம் போய்விட்டால் இன்றைக்குப் பேச்சும் போய்விடும். பையன் பஸ் ஏறிவிடுவான்.

"ஆரம்பத்துல நல்லாத்தானே வந்துச்சு?" என்று தனுஷ்கோடி குருவிடம் கேட்டார்.

"என்னை ஏன் கேக்குறீங்க?"

தனுஷ்கோடி மாரிக்கனியின் எதிரே போய் நின்றார். குனிந்து, உதட்டைத் திறந்து, ஊரே கேட்கும்படி கத்தினார். "எப்ப இருந்தும்மா வரலை?"

"கத்த வேண்டாம்" என்றார் மாரிக்கனி. "மொகத்தைக் காட்டுனாப் போதும்."

"எப்ப இருந்தும்மா?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

"தீபாவளி கழிஞ்சதுல இருந்து."

தீபாவளி கழிந்து இந்த வீட்டில் என்ன மாறியது என்று அவர் சுற்றிப் பார்த்தார். கல் அப்படியே இருக்கிறது. அடுப்படி அப்படியே இருக்கிறது. நடுவறைக் கதவுக்கு வந்தார். அங்கே நின்றுவிட்டார்.

பண்டல் மேல் பண்டல். ஒவ்வொரு காலண்டரின் தலையிலும் ஒரு தகடு. தகடுகளெல்லாம் ஒரே பக்கமாக அடுக்கி, தரையிலிருந்து அவர் தலை வரைக்கும், சுவருக்குச் சுவர். அவர் உள்ளங்கையை அதன்மேல் வைத்தார். சில்லென்று இருந்தது.

"அடப்பாவி மனுசா" என்றார், தன்னைத்தான். "ஒவ்வொரு தடவையும் இதைப் பாத்துட்டுத்தானே போனேன். சிக்னலை மறிச்சுத் தகரச் சுவரு கட்டி வச்சிருக்கு. இந்தப் பக்கம் ரவுட்டர், அந்தப் பக்கம் ஜனங்க."

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"பண்டலை வேற எடத்துல அடுக்கச் சொல்லலாமா?"

"எங்க?"

தனுஷ்கோடி வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். அடுக்க வேறு இடம் இருந்தால் அவர்களே அடுக்கியிருப்பார்கள். அது அவர்களுடைய சோறு.

"அப்ப ரவுட்டர்தான் எடம் மாறணும்" என்றார். "அடுப்படியில, கொல்லைக் கதவுக்கு மேல வச்சுட்டா நேரா கல்லைப் பாக்கும். ஆனா வயர் பத்தாதே டீச்சர். புதுசா இழுக்கணும்னா இன்னைக்கு முடியாது."

"இந்த வீட்டுக்கு வயர் இழுத்தது யாரு?"

"நான்தான்."

"வெளிய கூரைக்குக் கீழ சுருட்டித் தொங்குதே, அது யாரு வச்சது?"

தனுஷ்கோடி வாசலுக்கு ஓடினார். மாடியிலிருந்து வயர் இறக்கின காலத்தில் பழகிய பழக்கம். எந்த வீட்டிலும் ஒரு சுருள் கூடுதலாக விட்டுத்தான் கட்டுவார். நாளைக்கு எதற்காவது ஆகும் என்று அவர் அப்பா சொல்லிக் கொடுத்தது. சுருள் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. சந்தோஷத்தில் அவர் ஏணியை ஒரே தூக்காகத் தூக்கிக்கொண்டு வந்தார்.

சோலைமணி ஏணியைப் பிடித்தார். தனுஷ்கோடி ஏறினார். வென்டிலேட்டர் வழியாக வயரை உள்ளே விட்டு, பரண் ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். "கொஞ்சம் இந்தப் பக்கம் நகத்துங்க" என்றார். ஏணி நகரவில்லை. மறுபடி சொன்னார். அப்புறம்தான் உறைத்தது. பல்லுக்கிடையில் ஆணியை வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துச் சொன்னால் கீழே இருக்கிறவருக்கு என்ன தெரியும்?

ஆணியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். உடம்பைத் திருப்பி, கீழே குனிந்து, சோலைமணியின் கண்ணைப் பார்த்து, கையால் நகர்த்துவதுபோல் காட்டினார்.

ஏணி நகர்ந்தது.

அதன் பிறகு வேலை கிடுகிடுவென்று நடந்தது. ஒவ்வொரு முறையும் அவர் திரும்பினார், காட்டினார். சோலைமணியும் காட்டினார். ஒரு கட்டத்தில் தனுஷ்கோடி கேட்பதற்கு முன்னாலேயே சுத்தியல் மேலே வந்தது. குருவம்மாள் அடுப்படிப் படியில் உட்கார்ந்து, மாரிக்கனி கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டிருந்தார். ஒரு கையும் கொடுக்கவில்லை. குரு என்றால் இப்படித்தான் போலிருக்கிறது.

ரவுட்டரை ஏற்றி வைத்ததும் மாரிக்கனி ஓடிப்போய்ச் சந்தனம் கொண்டுவந்தார். புது இடத்துக்குப் புதுப் பொட்டு.

"காத்துப் போற ஓட்டையில வைக்காதீங்கம்மா" என்றார் தனுஷ்கோடி, முகத்தைப் பார்த்து. "சூடாயிரும். நெத்தியில வைங்க."

ரவுட்டருக்கு நெற்றி எது என்று மாரிக்கனி கொஞ்சம் யோசித்தார். பிறகு மேல் ஓரத்தில் வைத்தார்.

கல்லில் வெயில் ஒரு துண்டுதான் பாக்கி. சோலைமணி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்தில் மாரிக்கனி. போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்தார்கள்.

நவநீதன் வந்தான். கட்டிலில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் கட்டி வைத்த பை. முகத்தில் ஒன்றும் இல்லை. இன்றைக்கும் இதே கதைதானே என்று வந்து உட்கார்ந்தவன் மாதிரி கையை மடியில் வைத்திருந்தான்.

சோலைமணி கையைத் தூக்கினார். நீளமாக ஏதோ சொன்னார். இடையில் நிறுத்தவே இல்லை.

பையன் முன்னால் குனிந்தான். இன்னும் குனிந்தான். திரை முழுக்க அவன் கண்ணாகத் தெரிந்தது.

தனுஷ்கோடியால் பொறுக்க முடியவில்லை. குடத்துக்குப் பின்னால் நின்றபடி மாரிக்கனியைப் பார்த்தார். கையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விரித்து ஆட்டினார். தெரியுதா?

மாரிக்கனி அதையே மகனிடம் கேட்டார்.

நவநீதன் கைகளை மடியிலிருந்து எடுத்தான். கிடுகிடுவென்று பேசினான். மாரிக்கனி சிரித்துக்கொண்டே அழுதார்.

"என்னம்மா சொல்றான்? தெரியுதாமா?"

"அப்பா சட்டையில மேல இருந்து ரெண்டாவது பட்டன் இல்லைன்னு சொல்றான்."

எல்லோரும் சோலைமணியின் சட்டையைப் பார்த்தார்கள். இல்லைதான். சோலைமணியும் குனிந்து பார்த்தார். பிறகு விரலை நீட்டி மகனை மிரட்டினார். மகன் சிரித்தான்.

அதற்குப் பிறகு மூன்று பேரும் பேசினார்கள். மாரிக்கனி யாருக்கும் எதையும் சொல்லவில்லை. குடும்பப் பேச்சு, அதைக் கேட்க இவர்கள் யார்? ஆனால் பார்க்கலாம் அல்லவா. பையன் கைகள் வேகமாக ஆடின, கோபப்பட்டன, ஒரு முறை முகத்தை மூடின. அப்பாவின் கைகள் காத்திருந்தன, பிறகு நிதானமாகப் பதில் சொன்னன. அம்மா நடுவில் புகுந்தார். அப்பா அவரைத் தடுத்தார். அம்மா மறுபடி புகுந்தார். எந்தக் குடும்பத்திலும் நடக்கிற பேச்சுதான். தனுஷ்கோடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

வெயில் போகிற சமயத்தில் பையன் எழுந்தான். கட்டிலில் இருந்த பையை எடுத்தான். தனுஷ்கோடிக்குத் தூக்கிவாரிப் போட்டது. நவநீதன் அதைக் கீழே வைத்து, காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். திரும்பி உட்கார்ந்து ஒன்று சொன்னான்.

இதை மட்டும் மாரிக்கனி வாய்விட்டுச் சொன்னார்.

"பொங்கலுக்கு வரும்போது பட்டன் இருக்கணுமாம்."

பிறகு நவநீதன் குடத்துக்குப் பின்னால் யார் என்று கேட்டான். சோலைமணி போனைத் திருப்பிப் பிடித்தார். முதலில் குருவம்மாளைக் காட்டி, கொண்டையில் எதையோ செருகுவதுபோல் செய்தார். பையனுக்கு அவரைத் தெரிந்திருந்தது. கும்பிட்டான்.

அடுத்தது தனுஷ்கோடி. சோலைமணியின் கை தோளுக்குப் பின்னால் போனது. பாதி வழியில் நின்றது. அவர் தனுஷ்கோடியைப் பார்த்தார். ஏணியில் இருந்து இறங்கின தூசி இன்னும் அந்த முகத்தில் இருந்தது. சோலைமணி கையை முன்னால் கொண்டுவந்து, மூக்குக்குக் கீழே இரண்டு விரலால் ஒரு பெரிய மீசையை முறுக்கினார்.

பையனும் மீசையை முறுக்கிக் காட்டினான்.

வண்டியில் திரும்பும்போது தனுஷ்கோடி பின்னால் ஏணியைத் தோளில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், அது என்ன? முதல்ல முதுகைத் தட்டுனாங்க, அப்புறம் மீசையை முறுக்குனாங்க."

"அவங்க கையால பேசுறவங்க. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பேரு வைப்பாங்க. அந்த ஆள்கிட்ட அவங்களுக்கு எது அதிகமாத் தெரியுதோ, அதுதான் பேரு."

தனுஷ்கோடி ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய்த் தன் முதுகைத் தொட்டுப் பார்த்தார். பஜார் வந்தது, பஜார் போனது. பட்டாசுக் கடை வாசலில் நின்ற ஒரு குழந்தை ஏணியைப் பார்த்துக் கையாட்டியது. அவர் திரும்பி, அதற்குப் பதிலுக்குக் கையாட்டினார்.

திடீரென்று குருவின் தோளைத் தட்டினார்.

"டீச்சர், நிறுத்துங்க, நிறுத்துங்க!"

குருவம்மாள் வண்டியை ஓரம் கட்டினார். "என்ன அண்ணாச்சி?"

"கிளம்பும்போது ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பாக்க மறந்துட்டேன். அந்தச் சின்ன நம்பர் எவ்வளவு வருதுன்னே தெரியாம வந்துட்டோமே. திரும்பிப் போவோமா?"

குருவம்மாள் வண்டியை மறுபடி கிளப்பினார்.

"கோயம்புத்தூர்ல இருக்கிற பையன், அப்பா சட்டையில ரெண்டாவது பட்டன் இல்லைன்னு சொல்லிட்டான். இன்னும் என்ன டெஸ்ட் அண்ணாச்சி?"